கருநீலக் கோட்டுக்காரர் நான் அல்ல

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களின் பொறுமைக்கு,

1. இதை எழுதும் நான், தங்கள் ஒரே தங்கையின் கணவன்; ஐம்பதைக் கடந்தவன்; சட்டம் படித்தவன்; ஒரு பழைய சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் சட்டப்பிரிவில் அமர்ந்து, பிறர் எழுதிய ஒப்பந்தங்களில் உள்ள ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொல்வதையே பிழைப்பாகக் கொண்டவன்.

2. இக்கடிதத்தை எவருடைய வற்புறுத்தலும் இன்றி, சுயநினைவோடு எழுதுகிறேன். சுயநினைவு என்பதைத் தாங்கள் மறுக்கக்கூடும். "மாப்பிள்ளை, உங்களுக்கு மூளை கீளை கலங்கிப்போச்சா? கூப்பிட்டு வேலை குடுக்கிறாங்க, 'அது நான் இல்லைங்க'ன்னு எழுதிக் குடுத்த ஆளு இந்த உலகத்துலேயே நீங்க ஒருத்தர்தான்!" என்று தாங்கள் நேற்றுத் தொலைபேசியில் கூறியது என் காதில் விழுந்தது. ஒலிபெருக்கி போடப்பட்டிருந்ததால் வீட்டில் இருந்தவர்கள் காதிலும் விழுந்தது. ஜன்னல் திறந்திருந்ததால் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பல் மருத்துவர் காதிலும் விழுந்தது. இன்று காலை மாடிப்படியில் அவர் என்னிடம் வழக்கத்தைவிட மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோல, வணக்கம் சொன்னார்.

3. மேற்படி குற்றச்சாட்டுக்கு என் தரப்பு விளக்கமே இக்கடிதம். இனி வரும் பத்திகளுக்கும் எண் இடவேண்டும் என்றுதான் எண்ணியிருந்தேன். களைப்பாக இருக்கிறது. விட்டுவிட்டேன்.

மாறான தகவல் ஏதும் வராத காரணத்தால், தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் நலம். இந்த "நாங்கள்" என்பதில் நான் அடங்கவில்லை.

தாங்கள் அறிந்தபடி, எங்கள் நிறுவனத்தை ஒரு பெரிய நிறுவனம் இந்த ஆண்டு வாங்கிவிட்டது. வாங்கியவர்கள் நல்லவர்கள். எவரையும் வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவரவர் பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கு அவரவரே மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று பெருந்தன்மையோடு அனுமதித்தார்கள். சட்டப்பிரிவில் நாங்கள் இருவர், இடம் ஒன்று. அந்த இன்னொருவரைத் தாங்கள் சந்தித்திருக்கிறீர்கள். என் மகள் பட்டம் வாங்கிய அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் என்று நினைத்துத் தாங்கள் தோளில் கைபோட்டுக் கூடத்து மூலைக்கு அழைத்துச் சென்று, "என் தங்கச்சியைக் கொஞ்சம் வெளியில கிளியில கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்று அறிவுரை கூறினீர்களே, அவர்தான். குறுக்கிடாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டது அவருடைய பண்பு. எனக்கு எதிரே மேசை போட்டு அமர்ந்திருப்பவராதலால் அவரை எதிர்மேசைக்காரர் என்றே இக்கடிதத்தில் குறிப்பிடுகிறேன். எங்கள் இருவருக்கும் ஒரே உயரம், ஒரே மாதிரிக் கண்ணாடி, ஒரே இடத்தில் ஏறத்தாழ ஒரே பரப்பளவில் வழுக்கை. அலுவலகத்தில் எங்களை "அசலும் நகலும்" என்பார்கள். எவர் அசல் என்பது இன்றுவரை தீர்மானிக்கப்படவில்லை. இந்த வயதில் இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆகவே அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மழை வருமா வராதா என்று பேசினோம்.

நேர்முகத் தேர்வுக்கான அழைப்பில் "தக்க அலுவல் உடையில் வருக" என்று ஒரு வாசகம் இருந்தது. எது தக்கது என்று வரையறுக்கப்படவில்லை. நிறம் பற்றிப் பேச்சே இல்லை. நான் முறைப்படி எழுதிக் கேட்டேன்: தக்க உடை என்பதில் நிறமும் அடங்குமா, அடங்கும் எனில் எந்த நிறம், அடங்காது எனில் எந்த நிறத்தில் வந்தாலும் பின்னர் அதைக் காரணமாகக் காட்டி நிராகரிக்க மாட்டார்கள் என்று கொள்ளலாமா. அதற்கு, "உங்க விருப்பம் சார்" என்று ஒரு வரியும், அந்த வரியின் முடிவில் ஒரு சிரிக்கும் முகமும் பதிலாக வந்தன. அந்த முகத்தை ஒரு நிபந்தனையாகக் கொள்வதா, வெறும் மரியாதையாகக் கொள்வதா என்று யோசித்ததில் என் தூக்கம் கெட்டது.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு கறுப்புக் கோட்டு, நீதிமன்றத்துக்குப் போய்வந்த காலத்தில் தைத்தது. அதை அணிந்து நிலைக்கண்ணாடி முன் நின்றேன். மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்த தங்கள் தங்கை, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் என்னைப் பார்த்தாள்.

"யாருங்க போயிட்டாங்க?"

"யாரும் போகலை. இன்டர்வியூவுக்குப் போட்டுப் பார்க்கிறேன்."

"வேலை கேக்கப் போறீங்களா, அவங்களைக் கூண்டுல ஏத்தி விசாரிக்கப் போறீங்களா? கழட்டுங்க முதல்ல. கருநீலம் வாங்குங்க. எங்க கடைக்கு வர்ற மருந்துக் கம்பெனிக்காரங்க அத்தனை பேரும் கருநீலம்தான். பார்த்தாலே ஒரு நம்பிக்கை வரும்."

"அவங்க சொல்றதையெல்லாம் நீ நம்புறியா?"

"நம்ப மாட்டேன். ஆனா வாங்கிடுவேன்."

அறைக்குள்ளிருந்து என் மகள் குறுக்கிட்டாள். அவள் வேலை பார்க்கும் இடத்தில் ஆள் எடுப்பதே அவள் வேலை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். "அம்மா சொல்றதைக் கேக்காதீங்கப்பா. கருநீலம் எல்லாரும் போடறது. சாம்பல் எடுங்க, நல்ல அடர்த்தியா. நான் தினமும் இன்டர்வியூ எடுக்கிறவ, எனக்குத் தெரியாதா?" என்றாள். அப்படியானால் கடைசியாக வந்தவர் என்ன நிறத்தில் வந்தார் என்று வினவினேன். "அதெல்லாம் யாருப்பா பார்க்கிறது?" என்றாள். இந்தச் சாட்சியம் இதற்கு முந்தைய சாட்சியத்தோடு முரண்படுகிறது என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டினேன். "வீட்டுல இப்படிப் பேசாதீங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது!" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்தக் கட்டத்தில்தான் தாங்கள் அன்போடு அனுப்பிவைத்த பழுப்புக் கோட்டு வந்து சேர்ந்தது. ஆயுள் முழுவதும் மரச்சாமான் வியாபாரம் செய்தவராகையால் பழுப்பு நிறத்தின்மீது தங்களுக்கு இருக்கும் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் தங்கள் தோளும் என் தோளும் ஒன்றல்ல. நான் அதை அணிந்து கூடத்துக்கு வந்தபோது, சாத்திய கதவைத் திறந்துகொண்டு வந்து பார்த்த என் மகள், "மாமா கோட்டுல அப்பா குடியிருக்கிற மாதிரி இருக்கும்மா" என்றாள். "இன்னொரு குடும்பத்தையும் வாடகைக்கு வெக்கலாம்" என்றாள் தங்கள் தங்கை. இருவரும் ஒத்த கருத்துக்கு வந்தது இந்த விவகாரம் முழுவதிலும் அந்த ஒரு முறைதான். கோட்டைத் தனிப் பொட்டலமாகத் திருப்பி அனுப்புகிறேன். ஒரு பட்டனும் தொலையவில்லை.

வேறு வழியின்றித் துணிக்கடைக்குப் போனேன். கடைக்குள் கருநீலமாக இருந்த துணி, வாசலில் வந்தபோது கறுப்பாகத் தெரிந்தது. தெருவில் வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஊதா அடித்தது. இவற்றுள் எது அதன் உண்மையான நிறம் என்று விற்பனையாளரைக் கேட்டேன்.

"சார், இன்டர்வியூ எங்க நடக்குது? உள்ளயா, நடுத்தெருவிலயா?"

"உள்ளதான்."

"அப்போ உள்ள வெச்சுப் பாருங்க சார். எதுக்கு வெயில்ல காயப்போடறீங்க?"

"அந்த ரூம்ல மஞ்சள் விளக்கா வெள்ளை விளக்கான்னு தெரியாதே?"

அவர் பின்பக்கம் திரும்பி, "அண்ணே, இவரைக் கொஞ்சம் கவனிங்க, நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்றார். உள்ளிருந்து ஒரு குரல், "என்னால முடியாதுப்பா, இதே மாதிரி ஒருத்தர் என்கிட்டேயும் இருக்கார்" என்று பதில் சொன்னது. நான் துணியை எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே வந்தேன். கடையின் இன்னொரு வாசலில், சாம்பல் துணி ஒன்றைச் சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்தபடி எதிர்மேசைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

இருவரும் துணியைத் தாழ்த்தினோம்.

"நீங்களுமா?" என்றேன்.

"நானும்தான். வீட்டுல ஒரு வாரமா இதே பேச்சு. என்ன நிறம் முடிவு பண்ணீங்க?"

"சொன்னா அது உங்களுக்குச் சாதகமாப் போயிடாதா?"

"சொல்லலேன்னா உங்களுக்குச் சாதகம்."

அவர் சொன்னது சரி என்பதை நான் ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று. அங்கேயே படியில் அமர்ந்து விவாதித்தோம். இத்தனை காலம் ஒருவர் திருத்திய காகிதத்தை மற்றவர் சரிபார்த்துப் பிழைத்தவர்கள், ஒரு கோட்டின் நிறத்தால் ஒருவர் ஜெயித்தார் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கலாகாது. தகுதி ஒன்றே தீர்மானிக்கவேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். ஒரே துணி, ஒரே நிறம், ஒரே தையற்காரர், ஒரே மாதிரிப் பட்டன், கழுத்துப்பட்டைகூட ஒன்றுபோல. கருநீலம் என் முன்மொழிவு. அவர் சாம்பலை விட்டுக்கொடுத்தார். மறுநாள் அலுவலகத்தில் முறையாகத் தட்டச்சு செய்து, ஆளுக்கொரு மூலப்பிரதியாகக் கையொப்பமிட்டோம். அந்த ஒரு மாலைப்பொழுது மட்டும் எனக்குப் பசி எடுத்தது, தூக்கம் வந்தது. தையற்காரர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கல்யாண பேண்டு வாசிக்கிறவங்களா சார்? மத்தவங்கல்லாம் எப்போ அளவு குடுக்க வருவாங்க?" என்று கேட்டதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை.

தேர்வு நாளன்று அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தவுடன் ஒன்று தெரிந்தது. வாசற் காவலர், வரவேற்பு மேசைக்காரர்கள், மின்தூக்கி அருகில் நிற்பவர் என அங்கே பணியில் இருந்த அனைவரும் கருநீலக் கோட்டு அணிந்திருந்தார்கள். தையல் எங்களுடையதைவிட நன்றாக இருந்தது. நாங்கள் நாற்காலியில் அமர இடம் தேடுவதற்குள் யாரோ ஒரு பெண்மணி தம் ஈரக் குடையை என் கையில் கொடுத்து, "போகும்போது வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொட்டலம் கொண்டுவந்த ஒருவர், "சார், ஒரு கையெழுத்து" என்று என்முன் நீட்டினார்.

"இது எனக்கு வந்தது இல்லைங்களே."

"உங்க ஆபீஸுக்குத்தான சார் வந்திருக்கு?"

"இன்னும் என் ஆபீஸ் ஆகலைங்க. அது இன்னைக்குத்தான் தெரியும்."

"சார், வண்டியை நடுரோட்டுல நிறுத்திட்டு வந்திருக்கேன், கையெழுத்தைப் போடுங்க சார்!"

படிக்காமல் நான் எதிலும் கையொப்பமிடுவதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. தங்கள் தங்கையைத் திருமணம் செய்துகொண்டபோதே பதிவேட்டை முழுவதும் படித்துவிட்டுத்தான் கையொப்பமிட்டேன். தாங்கள் அன்று பசியோடு காத்திருந்ததாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நான் அந்தச் சீட்டைப் படித்து முடிப்பதற்குள் பொட்டலக்காரர் வாசற் காவலரிடம் போய், "அந்த ஆளு புதுசா? ரொம்பப் பேசுறாரு" என்று புகார் செய்துவிட்டார். இதற்கிடையில் எதிர்மேசைக்காரர் மின்தூக்கியின் பக்கம் நின்று, வருவோர் போவோருக்கு எந்தத் தளத்தில் எந்தப் பிரிவு என்று பலகையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த வேலை பிடித்துவிட்டதுபோலவும் தோன்றியது. என் கவலைக்கு நடுவே எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்கும் குடையோடு நிற்கும் என்னைப் பார்க்க அப்படித்தான் இருந்திருக்கவேண்டும்.

முதலில் என்னை அழைத்தார்கள். மூவர் அமர்ந்திருந்தார்கள். நடுவில் தலைமை அம்மையார். இடப்புறம் கணினியிலிருந்து தலையைத் தூக்காத ஒருவர். வலப்புறம் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்த ஒருவர். சம்பிரதாயக் கேள்விகள் முடிந்தபின் அம்மையார் கேட்டார்: "கையெழுத்தான ஒரு ஒப்பந்தத்துல ஒரு தப்பு இருக்கு. அதனால நமக்கு லாபம், எதிர்ப் பக்கத்துக்கு நஷ்டம். அவங்க அதைக் கவனிக்கலை. நீங்க கவனிச்சுட்டீங்க. என்ன செய்வீங்க?"

அது பிழையின் தன்மையைப் பொறுத்தது என்றேன். எழுத்துப் பிழையா, கணக்குப் பிழையா, கருத்துப் பிழையா என்று பிரித்தேன். ஒவ்வொன்றையும் தெரிந்து செய்தது, தெரியாமல் செய்தது என்று மறுபடி பிரித்தேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரின் குவளை தீர்ந்துவிட்டது. நான் கருத்துப் பிழைக்குள் நுழையும் நேரத்தில் அம்மையார் அன்பாகச் சிரித்து, "ரொம்ப நன்றி" என்றார். நான் இன்னும் பதிலுக்கே வரவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

எனக்குப் பின் எதிர்மேசைக்காரர் உள்ளே போனார். தண்ணீர்க் குவளையை நிரப்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தில் வெளியே வந்துவிட்டார். இருவரும் எதிரே இருந்த தேநீர்க்கடைக்குப் போனோம்.

"அந்தத் தப்பு இருக்கிற ஒப்பந்தம் பத்திக் கேட்டாங்களா?" என்றேன்.

"கேட்டாங்க."

"எப்படிப் பிரிச்சீங்க?"

"எங்க பிரிச்சேன்? 'உடனே அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிடுவேன்'னேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். அந்த அம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு என்னையே பார்த்தாங்க. கெடுத்துக்கிட்டேன்னு நினைக்கிறேன்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பிரிவுகூட இல்லாத பதில். அவருக்காக உண்மையிலேயே வருந்தினேன். அந்த வருத்தத்துக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். அன்று தேநீருக்கு நான்தான் கொடுத்தேன்.

பிறகு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நிறுவனத்தின் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினார். குரலைக் கேட்டவுடனேயே அந்தச் சிரிக்கும் முகத்தைப் போட்டவர் இவர்தான் என்று தெரிந்துவிட்டது.

"வாழ்த்துகள் சார்! வேலை உங்களுக்குத்தான். மூணு பேருக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதுலயும், 'உடனே அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிடுவேன்'னு ஒரே வரியில அடிச்சீங்க பாருங்க, மேடம் அதையே சொல்லிட்டிருக்காங்க சார்."

ஈரக் கையைத் துண்டில் ஒருமுறைக்கு இருமுறை துடைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சமையலறை வாசலில் தங்கள் தங்கை வந்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு தொடங்கியிருந்தது.

"அம்மா, அதைச் சொன்னது நான் இல்லைங்க," என்றேன்.

"சார்?"

"நான் சொன்னது, பிழையின் தன்மையைப் பொறுத்ததுன்னு."

"சார், நீங்க கருநீலக் கோட்தானே?"

"ஆமாங்க."

"கண்ணாடி போட்டிருந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்போ நீங்கதான் சார்! அன்னைக்கு எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து அவ்வளவு பேரு வந்தாங்க. மேடம் எல்லாரையும் போட்டிருந்த துணியை வெச்சுத்தான் குறிச்சிருக்காங்க, நாங்கதான் அப்புறம் பேரோட சேர்த்தோம். உங்க பேருக்கு நேரா 'கருநீலக் கோட், இவரை எடுக்கலாம்'னு இருக்கு. இன்னொருத்தர்தான் பொறுத்தது பொறுத்ததுன்னு முடிக்கவே இல்லையாமே. அவரை வேண்டாம்னுட்டாங்க."

"அந்த இன்னொருத்தர் நான்தாங்க."

தங்கள் தங்கையின் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. இதை எழுத்தில் தரமுடியுமா என்று அந்தப் பெண் கேட்டார். எழுத்தில் தருவது ஒன்றுதானே எனக்குத் தெரிந்த தொழில். "தாங்கள் தேர்ந்தெடுக்க விரும்பும் கருநீலக் கோட்டுக்காரர் நான் அல்ல" என்று தொடங்கி, உடன்படிக்கையின் நகலையும் இணைத்து அன்றே அனுப்பிவிட்டேன்.

அதன்பின் வீட்டில் நடந்தது தங்களுக்குத் தங்கள் தங்கை மூலம் ஒருதலைப்பட்சமாகத் தெரிந்திருக்கும். "நீங்க சொல்லலேன்னா யாருக்குங்க தெரியப்போகுது?" என்றாள். "எனக்குத் தெரியுமே," என்றேன். "உங்களுக்குத்தான் எல்லாமும் தெரிஞ்சு தொலையுதே! அடுத்த மாசத்துல இருந்து நான் ஒருத்தி மாத்திரை எண்ணிப் போட்டுத்தான் இந்த வீடு ஓடணும்," என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. அவள் கோபப்படுவது எனக்குப் பழக்கம். பேசாமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

எதிர்மேசைக்காரர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்துலயா குடுத்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "இப்போ யோசிச்சா, உள்ள அப்படியேதான் சொன்னேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. டீக்கடையில உங்ககிட்டச் சுருக்கிச் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீங்க என்னைக் கேக்காம எழுதியிருக்கக் கூடாது," என்றார். பிறகு நெடுநேரம் கழித்து, எதையோ தேடுவதுபோல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டு, "வீட்டுல போன் போட்டுச் சொன்னேன். அழுதுட்டா. சந்தோஷத்துலதான்," என்றார்.

மைத்துனர் அவர்களே, என் வாதம் சுருக்கமானது. எங்கள் கோட்டுகளின் நிறம் ஒன்றாக இருந்ததால் ஒரு பிழை நேர்ந்தது. அதனால் எனக்கு லாபம், அவருக்கு நஷ்டம். அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்துவிட்டேன். அந்த அறையில் என்னால் சொல்ல முடியாத பதிலைப் பாத்திரம் கழுவும் இடத்தில் சொல்லிவிட்டேன். தாமதமாகச் சொன்ன பதிலுக்கு மதிப்பெண் கிடையாது என்பதை அறிவேன். வேலை அவருக்கே உரியது. இதில் எனக்குச் சஞ்சலமோ மறுபரிசீலனையோ இல்லை. இனி எந்த நேர்முகத் தேர்வுக்கும் போவதாக இல்லை. எந்த நிறத்திலும் கோட்டு அணிவதாக இல்லை. கருநீலக் கோட்டை எவருக்காவது கொடுத்துவிடும்படி வீட்டில் கூறிவிட்டேன். அந்த உத்தரவு இன்னும் நிறைவேற்றப்படவில்லை. தாங்கள் செய்யவேண்டியது ஒன்றே: அடுத்த முறை பேசும்போது தங்கள் தங்கையை நான் பாழாக்கிவிட்டதாகச் சொல்லாதீர்கள். அவளும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரு பக்கமும் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

தங்கள் வீட்டுப் பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நிறைந்த அறிவும் பெற்று, ஓர் இடத்துக்கு ஒருவரே விண்ணப்பிக்கும் காலத்தில் வாழ வாழ்த்துகிறேன். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தையும், முழங்கால் வலி குறைந்திருக்கும் என்ற என் நம்பிக்கையையும் தெரிவிக்கவும்.

மேற்கண்டவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை.

(ஒப்பம்)
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் தறுவாயில் அந்தப் பெண் மறுபடி அழைத்தார். "சார், உங்க லெட்டரைப் படிச்சதுல இருந்து எங்களுக்கே எல்லாம் குழம்பிப்போச்சு. யார் என்ன சொன்னாங்கன்னு மேடத்துக்கு நிச்சயமா ஞாபகம் இல்லை. அந்தக் கருநீலக் கோட் மட்டும்தான் அப்படியே மனசுல நிக்குதாம். வர்ற வியாழக்கிழமை ரெண்டு பேரும் இன்னொரு தடவை வந்துடுங்க. ஒரே ஒரு வேண்டுகோள் சார், தயவுசெஞ்சு வேற வேற நிறத்துல வாங்க" என்றார். உடனே எதிர்மேசைக்காரரை வீட்டுக்கு வரவழைத்து, நிறங்களைப் பாகம் பிரிக்க உட்கார்ந்தோம். மேலே நான் கூறியவற்றின்படி கருநீலம் அவருக்கே சேரவேண்டும் என்று தாங்கள் கருதுவீர்கள். நானும் அப்படித்தான் கருதினேன், அவர் அதைக் கேட்கும்வரை. "கருநீலம் என் முன்மொழிவு," என்றேன். "நான் சாம்பலை விட்டுக்குடுத்ததாலதானே உங்களுக்கு அதை முன்மொழிய முடிஞ்சுது?" என்றார். தங்கள் பழுப்புக் கோட்டை எடுத்துக்காட்டி, அவருக்கு மிகவும் எடுப்பாக இருக்கும் என்றேன். போட்டுப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கழற்றிவிட்டார். வேலை அவருக்கே உரியது என்று எழுதிக் கொடுத்தவர் இப்போது கோட்டை மட்டும் விடமாட்டேன் என்பது எப்படி என்று கேட்டார். அது பிழையின் தன்மையைப் பொறுத்தது என்றேன். கடைசியில் உடன்படிக்கையை எடுத்துப் படித்தோம். இருவரும் ஒரே நிறத்தில்தான் செல்லவேண்டும் என்று அதில் இருக்கிறது. அதை ரத்து செய்ய ஒரு பிரிவு சேர்க்க இருவருமே தவறிவிட்டோம். வேறு வழியில்லை என்பதில் இருவருக்கும் உடனடியாக உடன்பாடு ஏற்பட்டது. ஆகவே மேற்கண்ட கடிதத்தின் உள்ளடக்கம் முழுவதையும் திரும்பப் பெறுகிறேன். வியாழக்கிழமை இருவரும் கருநீலத்திலேயே செல்கிறோம்.

(ஒப்பம்)
மேற்படியான்

சாட்சிகள்:
எழுதியவரின் மனைவி (படித்துப் பார்த்தேன் அண்ணா. கோட்டை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன்.)
எதிர்மேசைக்காரர் (ஆட்சேபணைக்கு உட்பட்டு)